உன் அம்மா கேட்ட பூச்செண்டு

அன்புள்ள மகனுக்கு,

உன் கல்யாண வேலைப் பட்டியல் வந்து சேர்ந்தது. இரண்டு முழுப் பக்கம், வரிசை எண்களோடு. யார் யாருக்கு என்னென்ன வேலை என்று பிரித்து எழுதியிருக்கிறாய். என் பெயருக்கு எதிரே ஒரே ஒரு சொல்: ஓய்வு. கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்து பழகியவன் என்பதால் சாய்வு நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உடனே ஆரம்பித்தேன். பட்டியலின் இரண்டாம் பக்கத்தில் ‘பொக்கே – சென்னைக் கடை, ஆளே கொண்டுவந்து கொடுப்பான்’ என்று படித்ததும் ஓய்வு கெட்டுப்போனது. போனில் கூப்பிட்டு, அதில் என்ன பூ இருக்கும் என்று கேட்டேன். “அதெல்லாம் கடைக்காரங்க பாத்துப்பாங்கப்பா” என்றாய். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ பாதியில் “சரிப்பா, சரிப்பா” என்பாய். கடிதத்துக்கு அந்த வசதி கிடையாது.

நான் கடைகளுக்கு எதிரி அல்ல. அரிசியைக் கடையில் வாங்குகிறோம், சட்டையைக் கடையில் வாங்குகிறோம். என் நண்பர்கள் சிலர் காலையில் டீக்கடையில் வாங்கிய கருத்தை வைத்துக்கொண்டு ராத்திரி வரை சமாளிக்கிறார்கள். ஆனால் உன் கல்யாணத்தன்று அந்தப் பெண் கையில் பிடிக்கப்போகும் பூச்செண்டை வீட்டில் உட்கார்ந்து நீயே கட்ட வேண்டும் என்று நினைக்கிறேன். நான் உன் அம்மாவுக்குக் கட்டிய கதையை இதுவரை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அதில் நான் அறிவாளியாக வரும் இடங்கள் மிகக் குறைவு என்பது ஒரு காரணம்.

அறுபதுகளின் கடைசி. மாதா கோயில் பூசை அப்போதுதான் லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்தது. என்ன சொல்கிறார்கள் என்று புரிய ஆரம்பித்ததும் சிலர் கோயிலுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். நான் விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறை ஒன்றில் அச்சுப் பிரிவில் வேலை பார்த்தேன். உன் அம்மா பெண்ணாடம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவர்கள் ஊர்க் கோயிலில் சாமியார் தங்கி இருக்கவில்லை என்பதால் கல்யாணம் நம் பங்குக் கோயிலில்தான் என்று முடிவானது. கல்யாண அறிவிப்பு ஓலை எழுதுகிற நாளில் இரண்டு குடும்பமும் சாமியார் அறையில் கூடினோம். பெரியவர்கள் பந்தியைப் பற்றிச் சண்டை போட ஆரம்பித்ததும் எங்கள் இருவருக்கும் பேச நேரம் கிடைத்தது. என் மனைவியாகப் போகிறவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை காதலைப் பற்றியது அல்ல. அறையின் மூலையில் இருந்த கண்ணாடி அலமாரியைக் காட்டி, “அந்தப் பொக்கே எனக்கு வேணாங்க” என்றாள்.

அந்த அலமாரியில் ஒரு காகிதப் பூச்செண்டு இருந்தது. பங்கில் எந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றாலும் அதுதான் கைக்கு வரும். பூசை முடிந்ததும் திரும்ப அலமாரிக்குப் போய்விடும். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். அதைப் பராமரிப்பவர் உபதேசியார். சாமியாருக்கு அடுத்தபடி கோயிலை நடத்துகிறவர். சாமியார் அப்படி நினைத்தார், உபதேசியார் அந்த வரிசையை ஒப்புக்கொண்டதில்லை. “இங்க கல்யாணம் ஆன எங்க அக்கா கையில புடிச்சது அதான். எங்க சித்தி புடிச்சதும் அதான். எனக்கு உசுரு இருக்கிற பூ வேணும். வேற ஒண்ணும் கேக்கல” என்றாள் உன் அம்மா. பொதுவாக மாப்பிள்ளை வீட்டார்தான் கேட்பார்கள், பட்டியல் போட்டுக் கேட்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்றும் கேட்கவில்லை என்று நாங்கள் பெருமையாகத் திரிந்துகொண்டிருந்தோம். கேட்பதற்கு அவளுக்கும் ஏதாவது இருக்கலாம் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்தி, “நானே கட்டித் தரேன்” என்றேன். பக்கத்தில் நின்ற உபதேசியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மே மாசம் கல்யாணம் தம்பி. உங்க பூ எத்தினி மணிக்கு வாடும்? நம்மளது வாடவே வாடாது. எதுக்கும் தூசி தட்டி வெளிய எடுத்து வைக்கிறேன்” என்றார்.

‘நானே’ என்பது என் வியாதி. நீ எட்டாவது படிக்கும்போது பேச்சுப் போட்டிக்கு உனக்காக நானே எழுதிக்கொடுத்த உரை ஞாபகம் இருக்கிறதா? நான்கு பக்கம், நடுவில் இரண்டு பெரிய அறிஞர்கள். நீ மேடையில் ஏறி, “பெரியோர்களே” என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு எந்தப் பெரியோரும் உதவிக்கு வராமல், அழுதுகொண்டே இறங்கினாய். உன்னிடம் கேட்டிருந்தால் நாய்க்குட்டியைப் பற்றிப் பேசுகிறேன் என்றிருப்பாய், ஒருவேளை பரிசே வாங்கியிருப்பாய். அந்தத் தப்புக்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பூச்செண்டு விஷயத்திலும் இதே வியாதிதான்.

ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறு படித்து முடிப்பதற்குள் பூ கிடைத்துவிடும் என்று நம்பினேன். நம் ஊரைப் பற்றி ஒன்று கவனித்திருக்கிறாயா? பூச்சாடி செய்கிற ஊர். விரிசல் விட்டது, சாயம் வழிந்தது என்று கழித்துப் போட்ட பூச்சாடிகள் வீட்டுக்கு வீடு ஐந்தாறு நிற்கும். என் வீட்டில் பதினொன்று நின்றன. அவற்றில் நிற்க ஒரு பூ ஊரில் கிடையாது. ஏனென்றால் நம்மிடம் விற்கிற பூவுக்குக் காம்பே இருக்காது. மாலைக்கும் தலைக்கும் காம்பு எதற்கு? கழுத்தோடு கிள்ளி, கூடையில் அள்ளி வைத்துவிடுவார்கள். பஸ் ஸ்டாண்டு அருகே பூ விற்ற அஞ்சலையிடம் போய்க் காம்போடு பூ கேட்டேன். அவளைச் சுற்றிலும் மே மாதத்துக் குண்டுமல்லி மலைபோல் கிடந்தது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, “காம்போடவா? ஆடு எதுனா வளக்கிறீங்களா?” என்றாள். கல்யாணத்துக்கு என்றேன். “காம்பைக் கிள்ளிப் போடறதுதாங்க எங்க பொழப்பே. நீங்க அதையே கேக்குறீங்க. மாலை வேணும்னா சொல்லுங்க, ஆளுயரத்துக்குக் கட்டித் தரேன்” என்றாள்.

கடைசியில் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் ஜினியாவும் ரோஜாவும் கண்டுபிடித்தோம். ‘தோம்’ என்றது என்னையும் பஷீரையும். பஷீர் என்னோடு அச்சுப் பிரிவில் வேலை பார்த்தவன். நான் ஒரு காரியம் செய்யும்போதெல்லாம் கூடவே நின்று அது எப்படிக் கெடும் என்று சொல்லுவான், கெட்ட பிறகு உதவுவான். இந்த வரிசையில் உதவுகிற நண்பர்கள் அபூர்வம், கிடைத்தால் விடாதே. ஒத்திகைக்கு ஒரு பிடி ஜினியாவை வாங்கி நேராக அடுக்கி, நடுவில் நாரால் இறுக்கிக் கட்டினேன். பூக்கள் எல்லாம் ஒன்றன் முகத்தை ஒன்று இடித்துக்கொண்டு விறைப்பாக நின்றன. பஷீர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “கீரைக்கட்டு நல்லா வந்திருக்கு மாப்ளே. பருப்பு போட்டுக் கடைஞ்சிடலாம்” என்றான்.

கட்டை இளக்கினால் பூ விரிந்தது, ஆனால் கையிலிருந்து நழுவியது. இறுக்கினால் கீரை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி தேடி நான் மூன்று நாள் யோசித்தேன். படித்தவன் யோசித்தால் வருகிற ஆபத்து வந்தது. எனக்கு ஒரு யோசனை உதித்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் மிச்சமிருந்த எல்லாப் பூவையும் கெஞ்சி வாங்கிவந்தேன். பட்டறையில் ஒரு ஜாடி அச்சுக்குள் காம்புகளை அழகாகச் சாய்த்து நிறுத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றினேன். அரை மணியில் இறுகிவிட்டது. அச்சைக் கழற்றினால், வெள்ளை வெளேர் என்று வரிவரியாக ஒரு கைப்பிடி, அதன் மேல் விரிந்த பூக்கள். கோயில் மெழுகுவர்த்தித் தண்டு மாதிரி இருந்தது. இரண்டு கிலோ எடை. நான் தூர நின்று பார்த்தேன், கிட்ட நின்று பார்த்தேன். இதற்கு முன் யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று வியந்தேன்.

ஏன் தோன்றவில்லை என்பது டீ நேரத்தில் தெரிந்தது. பூக்கள் எல்லாம் நீளமான பிரசங்கம் கேட்கிறவர்களைப் போலத் தலையைத் தொங்கப் போட்டிருந்தன. பீங்கான் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், நீ பட்டறைப் பக்கமே வராதவன். பிளாஸ்டர் அச்சில் களிமண் குழம்பை ஊற்றுவோம். அதிலிருக்கும் தண்ணீரைப் பிளாஸ்டர் உறிஞ்சிக்கொள்ளும், மண் அச்சின் ஓரமாக ஏடு கட்டிக் கோப்பையாக நிற்கும். எங்கள் பிரிவு நடந்ததே பிளாஸ்டர் தண்ணீர் குடிக்கும் என்ற அந்த ஒரு குணத்தை நம்பித்தான். அதன் வாயில் உன் அம்மாவின் பூக்களை நானே ஊட்டியிருந்தேன். பஷீர் வந்து பார்த்தான். சிரிக்கவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “எட்டு வருசமா இதுக்குத்தானே மாப்ளே சம்பளம் வாங்குற?” என்று மட்டும் கேட்டான். பிறகு அதைத் தூக்கிப் பார்த்து, “பொண்ணு கோவத்துல தலையில ஒண்ணு போட்டாலும் நீ அவுட்டு” என்றான்.

ஊரில் காம்புள்ள பூ இனி இல்லை. விடிந்தால் பத்து மணிக்குப் பூசை. சாமியார் அறை மேசைமேல் காகிதப் பூச்செண்டு தூசி தட்டப்பட்டு உட்கார்ந்திருந்ததை அன்று சாயங்காலம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது பார்த்தேன். உபதேசியார் அதைக் கொஞ்சம் என் பக்கமாகத் திருப்பி வைத்தார். ஒரே ஒரு விஷயம் கேட்டவளுக்கு அந்த ஒன்றையும் கொடுக்காமல் ஆரம்பிக்கிற வாழ்க்கை எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். அவள் கோபித்துக்கொள்வாள் என்பதல்ல பயம். கோபிக்காமல் அந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு, ‘இவர் இப்படித்தான்’ என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொள்வாள். அந்த எழுத்து அழியாது.

காலையில் ஐந்தரை மணிக்குப் பஷீர் சைக்கிளோடு வந்தான். கல்யாணக் கோட்டு கசங்காமல் இருக்க அதைப் பேப்பரில் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். வேப்பூர் ரோட்டில் புஞ்சைக் காட்டோரம் ஆவாரம்பூ மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அதுவரை நான் அதைப் பூவாகவே மதித்ததில்லை, அது யாரும் கிள்ளி விற்காத பூ. அதனாலேயே காம்போடு இருந்தது. ஒடித்துக் குவித்தோம். வழியில் ஒரு வேலியில் வெள்ளை அரளி. வீட்டுக்கார அம்மா “யாருப்பா அது?” என்று குரல் கொடுத்தபோது பஷீர், “கல்யாண மாப்பிள்ளைங்க!” என்றான். “கல்யாண மாப்பிள்ளை எதுக்குய்யா வேலியில நிக்கிறாரு?” என்றாள் அவள், ஆனால் விட்டுவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் அஞ்சலை எங்கள் கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மாலையில் வைத்துக் கட்ட வைத்திருந்த மரிக்கொழுந்தில் ஒரு கட்டையும் கொஞ்சம் வாழைநாரையும் தூக்கிக் கொடுத்தாள். “இதுல காம்பு இருக்குது, எடுத்துக்கங்க. உங்க ஆட்டுக்கு” என்றாள்.

பெண் வீட்டார் கோயில் பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் தங்கியிருந்தார்கள். பூசைக்கு இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லை. வாசலில் உன் அம்மாவின் சித்தி காவல் இருந்தார்கள். பூசைக்கு முன் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்கக்கூடாது என்பது சட்டம், சித்திதான் போலீஸ். நான் கொல்லைப்பக்கம் போய் ஜன்னலைத் தட்டினேன். “யாரு?” என்று உன் அம்மா குரல். “நான்தாங்க, பூ கொண்டாந்திருக்கேன்.” “கட்டிட்டீங்களா?” என்று கேட்டாள். அந்த இடத்தில் எனக்கு நான்கைந்து நல்ல பொய்கள் தோன்றின. ஏனோ ஒன்றையும் பயன்படுத்தாமல், கீரைக்கட்டிலிருந்து பிளாஸ்டர் வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். உள்ளே சிரிப்பு கேட்டது. “போர்டுல எழுதுற சாக்கட்டி தண்ணிய இழுக்கும்னு எங்க ஆறாங்கிளாஸ் பசங்களுக்கே தெரியுங்க” என்றாள்.

பூக்கட்டை அப்படியே கொடுக்கப் பார்த்தேன். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே நுழையவில்லை. “ஒண்ணொண்ணா குடுங்க, நான் புடிச்சுக்கறேன்” என்று இடது கையைக் கம்பியருகே நீட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முதல் அரளி. இங்கேதான் மகனே, கவனமாகப் படி. கம்பி இடைவெளி ஒன்றுதான் என்பதால் எல்லாக் காம்பும் ஒரே பக்கமிருந்து, ஒரே சாய்வில்தான் உள்ளே போனது. அடுத்ததை வாங்க அவள் ஒவ்வொரு முறையும் கையைக் கொஞ்சம் திருப்பினாள். ஒரு ஆவாரை, ஒரு திருப்பல். ஒரு மரிக்கொழுந்து, ஒரு திருப்பல். கீழே காம்புகள் முறுக்கிய கயிறுபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தன, மேலே பூக்கள் தானாக விரிந்து ஒன்றுக்கொன்று இடம் விட்டன. மூன்று நாள் யோசித்து எனக்குப் பிடிபடாதது அந்தக் கம்பிக்குத் தெரிந்திருந்தது. நீ கட்டும்போதும் இதுதான் முறை. பிடிக்கிற இடத்துக்குக் கீழே இலை ஒன்றுகூட இருக்கக்கூடாது, சாய்வு மாறக்கூடாது, திருப்புகிற பக்கம் மாறக்கூடாது. ஒருவர் பிடிக்க, ஒருவர் கொடுக்க. தனியாகவும் செய்யலாம் என்று சொல்வார்கள். நான் தனியாகச் செய்ததைத்தான் மேலே படித்தாய்.

ஒவ்வொரு காம்புக்கும் அவள் தொடங்க, ஒரு பேச்சு நடந்தது. “சமைக்கத் தெரியுமா?” “வெந்நீர் நல்லா வைப்பேங்க.” “கல்யாணத்துக்கப்புறமும் நான் ஸ்கூலுக்குப் போவேன்.” “போங்க. நானும் பட்டறைக்குப் போவேன்.” “உங்க வூட்டுல கேட்டா?” “நான் சொல்லிக்கிறேங்க.” இந்தக் கடைசிப் பதிலுக்குப் பிறகு அவள் கை கொஞ்ச நேரம் திரும்பாமல் நின்றது, பிறகு திரும்பியது. நல்ல வேளை, பூ நிறைய இருந்தது. வாசலிலிருந்து சித்தி, “ஏண்டி, அங்க பூ வாங்குறியா, பேட்டி எடுக்குறியா?” என்று கேட்டார்கள். “பூதான் சித்தி, காம்பு நெறைய இருக்குது” என்றாள் உன் அம்மா.

கடைசி அரளி உள்ளே போனதும் நாரை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. “கட்டித் தரேன்னு சொன்னது நீங்கதானே? கட்டுங்க” என்று பிடியைக் கம்பியோடு ஒட்டி வைத்தாள். நான் இரண்டு கையையும் உள்ளே விட்டு, அவள் விரலுக்குக் கீழே மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அவள் காம்பின் அடியைக் கத்திரியால் ஒரே மட்டமாக வெட்டி, வகுப்பறை பெஞ்சு மேல் வைத்தாள். எந்தப் பூச்சாடியும் இல்லாமல் அது தானாக நின்றது. “நிக்குதுங்க” என்றாள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

வெள்ளைச் சேலையில், மஞ்சளும் வெள்ளையுமான அந்தச் செண்டோடு அவள் நடந்து வந்தாள். கோயிலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உபதேசியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். பீடத்தருகே என் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் அவள் முகம் சரியில்லை என்று கவனித்தேன். வாழைநாரை நனைத்துத்தான் கட்ட வேண்டும், காய்ந்த நார் முடிச்சில் அறுந்துவிடும். அந்த ஜன்னலடியில் எனக்கு அது நினைவில்லை. படியேறும்போதே நார் அறுந்து கீழே விழுந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துத்தான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறாள்.

சாமியார் எங்களைப் பார்த்து, வலது கைகளைச் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். அவள் அசையவில்லை. “பூவைச் சித்திகிட்ட குடும்மா” என்றார் மெதுவாக. “முடியாதுங்க சாமி” என்றாள். “நார் அறுந்துபோச்சு. கையை எடுத்தா எல்லாம் கொட்டிரும்.” சாமியார் எங்களைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், பின்னால் உட்கார்ந்திருந்த சனத்தைப் பார்த்தார். அவருக்கும் பன்னிரண்டு மணிக்குள் பந்திக்குப் போக வேண்டியிருந்தது. “சரி, அதோட சேத்தே புடிங்க” என்றார். காம்பைப் பிடித்திருந்த அவள் கையின் மேல் நான் என் கையை வைத்து இறுக்கினேன். அப்படியே நின்று, சொல்ல வேண்டிய வாக்குறுதி வார்த்தைகளை முதலில் நான் சொன்னேன், பிறகு அவள் சொன்னாள். வார்த்தைகள் கொஞ்சம் நீளமானவை. இரண்டு பேரில் ஒருவரும் கையைத் தளர்த்தவில்லை. ஒரு பூகூடக் கீழே விழவில்லை.

அன்புடன்,
அப்பா